வயிற்றில் வார்த்த பால்

மனசுக்கு ஆறுதலான சேதி ஒன்று கிடைத்தால் ‘வயித்துல பால வார்த்தீங்க’ என்று சொல்வது நம் வழக்கம். பரீட்சை முடிவு, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற போன், தட்டிப்போய்க்கொண்டிருந்த வரன் கூடிவந்த தகவல், எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். பாலை ஊற்றினால் எரிகிற வயிறு குளிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. பால் இறங்கிய ஒரு மணி நேரத்தில் உப்பி, இரைந்து, முறுக்கி, ஆளைக் கழிப்பறைக்கு விரட்டுகிற வயிறுகளும் உண்டு. என்னுடையது அதில் ஒன்று.

வயிறு எனக்கு இப்போது பெரிய பிரச்சினை இல்லை. அதோடு வாழப் பழகியாயிற்று. என் கேள்வி வேறு. ‘மழை தூறுது’ என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் கொடித்துணியை எடுக்க ஓடுகிறார்கள். ‘எனக்குப் பால் சேராது’ என்று அதே பெண் சொன்னால் விசாரணை தொடங்குகிறது. எப்பலேருந்து? யாரு சொன்னா? டாக்டர்ட்ட காட்டினியா? அப்ப தயிர் மட்டும் சாப்பிடுத? எங்க காலத்துல இதெல்லாம் யாருக்குட்டி இருந்துச்சு? தன் உடம்பைப் பற்றி அவள் சொல்வது ஏன் தகவலாகக் கேட்கப்படாமல், அவள் நிரூபிக்க வேண்டிய வழக்காக மாறுகிறது?

முதலில் சங்கதியைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு வேறு விஷயங்களை ‘அலர்ஜி’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குட்டிப் பருவத்தில் தாராளமாகச் சுரக்கும் இந்த நொதி, பால்குடி மறந்த பிறகு குறைந்துபோவதுதான் பாலூட்டிகளின் பொது வழக்கம். மனிதர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தால், வளர்ந்த பின்னும் அது சுரந்துகொண்டிருக்கிறது. உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு லாக்டோஸ் சரியாகச் செரிப்பதில்லை. 1981இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் வட இந்தியர்களில் 27.4 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியர்களில் 66.6 சதவீதம் பேருக்கும் இந்தச் சேராமை இருந்தது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும், வடமேற்கிலிருந்து தென்கிழக்கே வரவர அந்த மாற்றம் அருகிப்போவதைக் காட்டின. எருமை மேய்த்து வாழ்ந்த நீலகிரித் தோடர்கள் போன்றவர்கள் இதற்கு விலக்கு. அப்படிப் பார்த்தால் டவுணில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் நான் விநோதப் பிறவி இல்லை, பெரும்பான்மையாகக்கூட இருக்கலாம். பலருக்குத் தொந்தரவு லேசாக இருக்கும், ‘நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல’ என்று வேறெதன் மேலாவது பழியைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஒவ்வாமை வேறு. பாலில் உள்ள புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி பகையாக எடுத்துக்கொள்வது அது. தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. சேராமை உள்ளவளுக்குத் தயிரும் மோரும் ஓரளவு ஒத்துப்போகும், நெய்யால் தொந்தரவே இல்லை. ஒவ்வாமை உள்ளவளுக்கு ஒரு கரண்டி மோரும் கூடாது. அதனால்தான் ‘அப்ப தயிர் மட்டும் சாப்பிடுத?’ என்ற குறுக்கு விசாரணைக்கு ஒரே பதில் கிடையாது.

‘எங்க காலத்துல யாருக்கு இருந்துச்சு’ என்பதற்கு மட்டும் பதில் இருக்கிறது. உங்கள் காலத்தில் பாலே இல்லை. என் ஆச்சி வீட்டில் விடிந்ததும் அடுப்பில் ஏறியது கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. பால் காப்பி என்பது விருந்தாளிக்கு, அதிலும் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான். காப்பியே நம்மிடம் நேற்று வந்தது என்பதை ஆ.இரா.வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும், 1981இல் உருவான ஆவின் இணையமும், பிறகு வந்த பாக்கெட்டும் குளிர்பெட்டியும் சேர்ந்துதான் ஆற்றங்கரைக் கிராமங்களில்கூடப் பாலைத் தினசரிப் பொருளாக்கின. மாடு வைத்திருந்த வீட்டிலும் பால் சொசைட்டிக்குப் போனது, மிச்சம் வீட்டுக்கு. அந்த மிச்சத்திலும் முதல் டம்ளர் தாத்தாவுக்கு, அடுத்தது பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு. பெண்பிள்ளைக்கு ஏடு எடுத்த பாலில் தண்ணீர் விட்ட மோர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என் கேள்வியில் சிக்கலான முடிச்சு இங்கேதான் விழுகிறது.

என் அம்மா எனக்கு ஒரு டம்ளர் பாலைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் துரத்தியது பிடிவாதத்தால் அல்ல. அவள் வளர்ந்த வீட்டில் அண்ணன் தம்பிகளுக்கு மட்டும் பால் ஆற்றிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். ‘பொட்டப்புள்ளைக்கு எதுக்கு பாலு’ என்று கேட்ட வீட்டிலிருந்து வந்து, தன் மகளுக்குத் தம்பியின் டம்ளருக்குச் சமமாக அளந்து ஊற்றினாள். அது அவளுடைய பெண்ணியம், அவள் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை என்றாலும். அந்த டம்ளரை நான் தள்ளிவிட்டபோது அவளுக்குக் கேட்டது என் வயிற்றின் குரல் இல்லை. தான் போராடி வாங்கிக் கொடுத்த பங்கை மகள் வேண்டாம் என்கிறாளே என்ற வேதனைதான் கேட்டிருக்கும்.

சம பங்கு கேட்பது பெண்களின் நியாயமான கோரிக்கை. பல வீடுகளில் பால், முட்டை, மீன் துண்டு என்று இன்றும் கேட்கவேண்டியிருக்கிறது. ஆனால் பங்கு என்பது எதை நமக்கு எண்ணித் தருகிறார்கள் என்ற கணக்கு மட்டுமாக இருக்க முடியாது. தம்பிக்குக் கிடைத்த பால் எனக்கும் கிடைத்தது. தம்பிக்கு இருந்த இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை. ‘எனக்குப் பிடிக்கலை’ என்று அவன் எழுந்துபோனால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆண்களின் மறுப்பை நம் வீடுகள் எவ்வளவு மரியாதையாக வைத்துக்கொள்கின்றன என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ‘அவுகளுக்குப் பால் வாடையே ஆகாது’ என்று மனைவி பெருமையாகச் சொல்வாள். நோய் வேண்டியதில்லை, வாடை பிடிக்காமல்போனால் போதும். அந்த வீட்டில் பால்பாயசம் வைப்பதே நின்றுபோகும். பெண்ணுக்கு வாடை போதாது, வயிற்றுவலியும் போதாது. கல்யாணத்தன்று பால் பழம் கொடுக்கிற சடங்கில் மாப்பிள்ளை குடித்த மிச்சத்தை அவள் குடித்தாக வேண்டும். புது வீட்டில் பால் காய்ச்சினால் முதல் டம்ளரில் கொஞ்சம் அவள் வாயில் பட வேண்டும். மாசமாக இருந்தால் குங்குமப்பூப் பால், பிள்ளை பெற்றால் பூண்டுப் பால். கடைசி மூச்சு இழுக்கிறபோது வாயில் ஊற்றுவதும் பால்தான், அப்போது மறுக்கத் தெம்பு இருக்காது. (பால் என்ற சொல்லுக்கு ஆண்பால், பெண்பால் என்ற பொருளும் இருப்பதை வைத்து ஒரு பத்தி விளையாட ஆசைதான். இந்தத் தொகுப்பில் வேறு யாராவது அதைச் செய்திருப்பார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.)

விந்தை என்னவென்றால், மாட்டுப் பால் இல்லாமல் கொண்டாடத் தெரியாத ஊர் இல்லை இது. திருநெல்வேலிச் சைவக் கல்யாண வீடுகளில் மறுநாள் மறுவீட்டுப் பந்தியின் நாயகம் சொதி. தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எனப் பிழிந்து, பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்து, திரியாமல் பக்குவமாக இறக்கி, செரிமானத்துக்கு இஞ்சித் துவையலும் பக்கத்தில் வைத்துப் பரிமாறுவார்கள். இந்த ஊர் அல்வாவும் மாட்டுப் பாலில் பிறந்தது இல்லை. ஊறவைத்த கோதுமையை அரைத்துப் பிழிந்த பால்தான் அதற்கு உடம்பு, நெய் அப்புறம் வருகிறது. சேராமைக்காரி நிம்மதியாகச் சாப்பிடலாம், ஒவ்வாமைக்காரி நெய்யை யோசிக்க வேண்டும். தேங்காய்ப் பால், கோதுமைப் பால் என்று தயக்கமில்லாமல் சொல்கிற வாய்களே ‘பால் குடிக்காத பொண்ணா?’ என்றும் கேட்கின்றன.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில், ஒருவர் சொல்வதற்குக் கிடைக்க வேண்டிய நம்பிக்கையை, அவர் இன்னார் என்பதாலேயே குறைத்துவிடுவதும் ஓர் அநீதி என்று வாதிட்டார். அறிகிறவள் என்ற அந்தஸ்தையே அது அவளிடமிருந்து பறிக்கிறது என்பது அவர் கருத்து. நம் அடுப்படிக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஒரு திருத்தம் மட்டும் சேர்க்கத் தோன்றுகிறது. பெண்ணின் மறுப்பை நம் வீடுகள் எப்போதும் நம்பாமல் இருப்பதில்லை. ‘இன்னைக்கு நான் விரதம்’ என்று சொல்லிப் பாருங்கள். பாலும் வேண்டாம், பச்சைத் தண்ணீரும் வேண்டாம் என்றாலும் ஒரு கேள்வி வராது. டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள், ஒரு வாய் குடி என்று வற்புறுத்த மாட்டார்கள், கூடுதலாக ஒரு மரியாதையும் கிடைக்கும். ஏனென்றால் விரதம் புருஷனுக்காக, பிள்ளைக்காக, குடும்பத்துக்காக. பிறருக்காக என்றால் அவள் வாயை மூடிக்கொள்ளலாம். தனக்காக என்றால் காரணம் சொல்ல வேண்டும். நம் ஊரில் பால் குடிக்க முடியாமல் ‘வெள்ளிக்கிழமை விரதம்’, ‘செவ்வாய் விரதம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். கடவுளின் பெயரால் பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் அவர்களுக்கு உண்டு. அந்த உறுத்தல் யாருக்கு இருக்க வேண்டுமோ அவர்களுக்கு இல்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண். சிறுவயதிலிருந்தே பால் குடித்தால் வயிறு கட்டுப்படாது. பிறந்த வீட்டில் செல்லம் என்றார்கள், புகுந்த வீட்டில் கள்ளம் என்றார்கள். முதல் பிரசவத்துக்குப் பின் தாய்ப்பால் ஊற வேண்டுமென்று காலையும் இரவும் பூண்டுப் பால். வேண்டாம் என்றபோது மாமியார் சொன்னது: ‘உன் வயித்தப் பாத்தா புள்ள வயிறு என்ன ஆவுறது?’ அவள் குடித்தாள். இரண்டாம் மாதம் குழந்தையின் துணியில் மலத்தோடு ரத்தக் கீற்று. தாய் குடிக்கிற மாட்டுப் பாலின் புரதம் தாய்ப்பால் வழியே போய்ச் சில குழந்தைகளுக்கு இப்படிச் செய்யும் என்றும், தாய் பால் பொருள்களை முழுக்க நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். அன்று சாயங்காலமே வீட்டிலிருந்து பால் காணாமல் போயிற்று. மாமியார் தன் காப்பியையும் கடுங்காப்பியாக்கிக்கொண்டார். உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் ‘அவளுக்குப் பால் குடுத்துறாதீங்க’ என்று முன்கூட்டியே போன் போட்டுச் சொன்னார். இருபது வருஷம் அவள் வாயால் சொல்லி நடக்காதது, அந்தக் கீற்று சொன்னதும் நடந்தது.

அந்த மாமியார் கொடுமைக்காரி இல்லை. பேரனுக்காக அவர் அந்த வயதில் பால் காப்பியை விட்டதைச் சாதாரணமாக நினைக்க முடியாது. குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது பால் ஒத்துக்கொள்ளத் தொடங்கியது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்படிச் சரியாகிவிடும். ‘எல்லாம் சரியாப் போச்சு’ என்று மாமியார் நிம்மதியோடு கொண்டுவந்து வைத்த தட்டில் இரண்டு டம்ளர் பால் இருந்தது.

‘கொஞ்சம் குடிச்சா ஒண்ணும் ஆகாது’ என்று சொல்கிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சேராமை உள்ளவர்களில் பலரால் ஒரு வேளைக்குச் சுமார் 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஒரு டம்ளர் பாலளவை, பெரிய தொந்தரவில்லாமல் தாங்க முடிகிறது, சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் எளிது. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு பற்றிய கவலையும் பொய்யில்லை. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. பாலில் இருப்பது உடம்பில் எளிதாகச் சேரும். பாலை விட்டவள் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்கிற நெத்திலி என்று யோசித்துச் சாப்பிட வேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும், அந்த வேலையைத் தினமும் செய்கிறவள் நான். ஆனால் அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று யார் அளப்பது? எனக்கு அரை டம்ளர் வரை தாங்கும், பஸ்ஸில் போகிற நாளில் அதுவும் தாங்காது. ஒவ்வாமை உள்ளவளுக்கு அந்தக் கொஞ்சமே ஆம்புலன்ஸ் வரைக்கும் போகலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரி ‘வேண்டாம்’ என்கிறவர்கள். எந்த ‘வேண்டாம்’ என்று உள்ளே இருப்பவளுக்குத்தான் தெரியும்.

அப்படியானால் பெண் சொல்வதை எப்போதும் அப்படியே நம்பிவிட வேண்டுமா? ஒரு இடத்தில் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நம் பக்கத்தில் ‘கை நனைப்பது’ என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் முடியும்வரை கை நனைக்காமல் எழுந்து வருகிறவர்கள் உண்டு. சாதிக்கும் அதே கணக்குதான். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த மாவட்டங்கள் இவை. ஆதிக்க சாதியில் பிறந்த நான் ஒரு தலித் தோழியின் வீட்டில் போய் உட்கார்ந்து, அவள் அம்மா ஆசையாகப் போட்டுக் கொண்டுவருகிற பால் காப்பியை ‘எனக்குச் சேராது’ என்று மறுத்தால், அதை அவர்கள் நம்பியே ஆக வேண்டுமா? ‘இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்’, ‘உடம்புக்குச் சேராது’ என்று சொல்லித்தானே என் வகையறா தலைமுறை தலைமுறையாகத் தீண்டாமையை நாகரிகமாக நடத்தியிருக்கிறது? அந்தச் சொல்லின் நம்பகத்தைச் செலவழித்துத் தீர்த்தவர்கள் நாங்கள். இந்த வீட்டில் சந்தேகப்படுவது அநீதி இல்லை, அனுபவம். என் மாமியாரின் சந்தேகமும் இந்தச் சந்தேகமும் ஒன்று என்று ஃப்ரிக்கரை மேற்கோள் காட்டி நான் பேசினால் அது அசிங்கம்.

அதற்காக மடக்கென்று குடித்துவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்கு வந்தவள் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததைத் தோழி அறிந்தால், தன் வீட்டுக்கு நான் தியாகம் செய்ய வந்ததுபோல் அல்லவா இருக்கும். நான் செய்வது இதுதான். போனவுடன் தண்ணீர் கேட்பேன், அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்துக் குடிப்பேன். அடுப்படிக்குள் போய் ‘கருப்பட்டி இருக்கா, எனக்குக் கடுங்காப்பி போடுங்க, அப்படியே சோறும் போடுங்க’ என்று கேட்பேன். அதற்குப் பிறகு பால் வேண்டாம் என்றால் பால் மட்டும்தான் வேண்டாம். நிரூபித்துக் காட்டுகிற வேலை மாதிரித் தெரியலாம். இந்த வீட்டில் நிரூபிக்க வேண்டியவள் நான்தான், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. என் வீட்டில், என் சொந்தக்காரர்கள் நடுவில் நிரூபிக்கச் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது.

வீட்டுக்கு வெளியே விஷயம் இன்னும் கடினம். பாக்கெட் உணவில் பால் சேர்ந்திருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் சொல்கின்றன. அந்த அறிவிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழில் போடலாம், போடாமலும் விடலாம். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு பெண்ணுக்குப் பால் ஒவ்வாத மகன் இருக்கிறான். பத்து ரூபாய் பிஸ்கட், ரஸ்க், பன், எதில் பால்பொடி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. யாரோ ஒருவரிடம் கேட்டு, ‘மில்க்’ என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளைப் படம்போல மனசில் ஏற்றிக்கொண்டாள். கடையில் பாக்கெட்டைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் அந்தப் படம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். மூத்த மகளைக் கடைக்கு அனுப்பும்போதும் சொல்லி அனுப்புகிறாள்: ‘மொத எழுத்து ரெண்டு மலை ஒட்டிக்கிட்டு நிக்க மாதிரி இருக்கும், கடைசி எழுத்து கால அகட்டி நிக்கும், அது இருந்தா வாங்காத.’